வென்றவரும் வெல்லாதவரும்

கேள்வி: ஜப்பானின் 'சசுகே' தடை தாண்டும் போட்டியில் எந்த சீசனைப் பார்க்கலாம்?
– வாசகர், ரவாங்

பதில்: ரசிகர்கள் அதிகம் கொண்டாடுவது 17ஆவது. 2006இல் மீன்பிடிப் படகுத் தலைவர் மகோத்தோ நாகானோ, இறுதிக் கட்டத்தின் 30 நொடிக் கெடுவில் இரண்டு நொடிக்குச் சற்றே அதிகம் மிச்சமிருக்க, கயிற்றைப் பிடித்துக் கோபுர உச்சியை எட்டினார். அதன் ருசி தெரிய, 2003இன் 11ஆவதை முதலில் பாருங்கள்: அதே நாகானோ, உச்சிவரை ஏறி, மயிரிழையில் கோட்டைவிட்டார்.

என் ஓட்டு 1999இன் 4ஆவதுக்கு. நண்டு பிடிக்கும் தொழிலாளி கசுஹிகோ அகியாமா, அதுவும் பார்வைக் குறைபாடு உள்ளவர், நான்கு கட்டங்களையும் முதன்முதலில் முடித்தது அதில்தான்.

போட்டியாளர் கத்சுமி யமதாவையும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறைகூட வென்றதில்லை, ஆனாலும் அவருக்காகவே டிவி முன் உட்கார்ந்தவர்கள் ஏராளம்.