எஞ்சின் ஏன் எழவில்லை?

அன்னவாசலில் கடல் இல்லை. ஆனாலும் அங்குள்ள மாணவர்கள் டிராக்டர் டிப்பரைப் பார்த்திருப்பார்கள். ஓட்டுநர் ஒரு நெம்புகோலை அசைத்ததும் டன் கணக்கான மண்ணுடன் பெட்டி மெல்ல எழுகிறதல்லவா? அதே மாவட்டத்தின் கடற்கரை ஊர்களான கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவற்றின் எதிரே இருப்பது ஆழம் குறைந்த பாக் நீரிணை. இத்தகைய கடலில் கரையை நெருங்கும்போது, படகின் பின்புறம் தொங்கும் எஞ்சினை உயர்த்தியாக வேண்டும். இல்லையேல் விசிறி தரையில் மோதி உடையும்.

சிறிய எஞ்சினைக் கையால் தூக்கலாம். 150 குதிரைத்திறன் எஞ்சினோ 200 கிலோவுக்கும் அதிக எடையுள்ளது! அதைத் தூக்குவது டிப்பரைத் தூக்கும் அதே தத்துவம்தான். மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பாஸ்கல் கண்டார். அவருடைய நூல் 1663இல், அவர் மறைந்த மறு ஆண்டு வெளியாயிற்று. சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம், 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டனை 1000 கிலோ விசையுடன் தள்ளும்.

படகில் 12 வோல்ட் பாட்டரி ஒரு சிறு மோட்டாரைச் சுழற்றும். மோட்டார் பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை உருளைக்குள் தள்ளும். பிஸ்டன் நீண்டு எஞ்சினை உயர்த்தும். பொத்தானை அழுத்தியும் எஞ்சின் எழவில்லை என்றால், கோளாறு எங்கே? பம்பை மாற்றப் பணம் செலவழிக்குமுன் காதைப் பயன்படுத்துங்கள்.

1. ஓசையே இல்லையா? கோளாறு பெரும்பாலும் மின்சாரப் பகுதியில். பாட்டரி, ஃபியூஸ், கம்பி இணைப்புகளைப் பாருங்கள். உப்புநீர் பட்ட இணைப்பில் பச்சை பூத்திருக்கும். அது மின்தடையைக் கூட்டிவிடும். பொத்தானை அழுத்தியபடி மோட்டாரின் முனைகளில் வோல்ட்மீட்டரை வையுங்கள். பாட்டரியில் 12 இருந்து இங்கே மிகக் குறைந்தால் வழியில்தான் பழுது. 12 வந்தும் சுழலாவிட்டால் மோட்டாரில் பழுது.

2. இறங்குகிறது, ஏறவில்லையா? பல எஞ்சின்களில் ஏற ஒரு ரிலே, இறங்க ஒரு ரிலே உண்டு. இரண்டும் ஒரே வகையானால் இடம் மாற்றிப் பாருங்கள். இப்போது ஏறி, இறங்க மறுத்தால் குற்றவாளி அந்த ரிலேதான்.

3. மோட்டார் சுழல்கிறது, எஞ்சின் எழவில்லையா? கோளாறு எண்ணெய்ப் பகுதியில். கையால் திருகும் திறப்பு வால்வு தளர்ந்திருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம், காற்று புகுந்திருக்கலாம். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது.

4. எழுந்த எஞ்சின் தானே இறங்குகிறதா? வெளியே எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். கசிவு இல்லையெனில் உள்ளே வால்வோ ரப்பர் வளையமோ தேய்ந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை: திறப்பு வால்வைத் தளர்த்தினால் உயர்ந்த எஞ்சின் சட்டென்று கீழே வரும். தாங்கியை மாட்டாமல் அதன் கீழே கை வைக்கவே கூடாது. பெரும்பாலான எஞ்சின்களில் முழுவதும் உயர்த்தித் தாங்கியை மாட்டிய பின்பே எண்ணெய்த் தொட்டியைத் திறப்பார்கள். டிப்பருக்கும் இந்த விதி பொருந்தும். தாங்கல் கொடுக்காத பெட்டியின் அடியில் யாரும் நுழையக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்: ஊசி இல்லாத இரண்டு புதிய சிரிஞ்சுகளில், ஒன்று மெல்லியது, மற்றது தடித்தது, நீர் நிரப்பி ஒரு பிளாஸ்டிக் குழாயால் இணையுங்கள். மெல்லியதை அழுத்தினால் தடித்தது ஒரு புத்தகத்தையே தூக்கும். ஆனால் அது நகரும் தூரம் குறைவு. ஏன்? இனி குழாயில் சிறிது காற்றை விடுங்கள். முதலில் காற்றுதான் சுருங்கும். புத்தகம் தயங்கி எழும். இணைப்பைத் தளர்த்துங்கள், எழுந்த புத்தகம் மெல்ல இறங்கும். மூன்றாம், நான்காம் கோளாறுகள் உங்கள் மேசைமேலேயே தெரிகின்றன அல்லவா?