டப்பா மாக்கரோனியா, வெள்ளைச் சோறா? எது ஊட்டம்?



காயல்பட்டினத்துக்கு வெளிநாட்டுச் சாமான் புதிது அல்ல. 13ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதி வைத்த 'காயல்' துறைமுகம் இந்தக் கரையைச் சேர்ந்தது. அன்று குதிரை வந்து இறங்கியது, முத்து ஏறிப் போனது. இன்று சபர் போன வாப்பாவும் மாமாவும் ஊர் திரும்பும்போது பெட்டியில் பால் மாவு, மிட்டாய், தைலம் இவற்றோடு டப்பா உணவும் வருகிறது. தக்காளிக் குழம்பில் ஊறின மாக்கரோனி டப்பா அதில் ஒன்று. உலர்ந்த மாக்கரோனிப் பாக்கெட் உள்ளூர்க் கடையிலேயே தொங்குகிறது.

"சோறு வேண்டாம், டப்பாவை உடைச்சுக் கொடு" என்று பிள்ளை அடம்பிடிக்கிறது. "வெளிநாட்டுச் சாமான்தானே, சத்து கூடவே இருக்கும்" என்று தாயும் கொடுத்து விடுகிறாள். இது சரிதானா? கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பாருங்கள். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கவே எழுதுகிறோம்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

மாக்கரோனி என்பது கோதுமைப் பண்டம். நம் வீட்டுச் சேமியாவுக்கு அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள். கோதுமை ரவையையோ மாவையோ பிசைந்து, அச்சில் பிழிந்து, காய வைத்து எடுக்கிறார்கள். அதை வேகவைத்து, தக்காளிக் குழம்பு, சர்க்கரை, உப்பு சேர்த்து, டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கடும் சூட்டில் கிருமியைக் கொன்று விட்டால் அதுதான் டப்பா மாக்கரோனி. டப்பாவின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். இதை மறந்து விடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள்

100 கிராம் அளவில் ஏறத்தாழ இருப்பது:

• தக்காளிக் குழம்பிட்ட டப்பா மாக்கரோனி: 60 முதல் 70 கலோரி, புரதம் சுமார் 2 கிராம்.
• வெந்த வெள்ளைச் சோறு: 130 கலோரி, புரதம் 2.7 கிராம்.
• வேகாத வெள்ளை அரிசி: 345 கலோரி, புரதம் 6.8 கிராம்.
• வேகாத உலர் மாக்கரோனி: சுமார் 350 கலோரி, புரதம் 12 கிராம்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? 400 கிராம் டப்பா ஒன்றை முழுசாகத் தின்றால் 240 முதல் 280 கலோரியும், 8 கிராம் புரதமும் கிடைக்கும். 100 கிராம் அரிசியை உலையில் போட்டால் அதைவிடக் கூடுதலான சக்தியும், ஏறக்குறைய அதே புரதமும் கிடைத்து விடும். கடல் தாண்டி வந்த டப்பாவும் வீட்டில் அளந்து போட்ட அரிசியும் புரதத்தில் சமம். விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

அதற்காக மாக்கரோனியில் நல்லதே இல்லை என்று சொல்வது நியாயம் ஆகாது. உலர் மாக்கரோனியில் வெள்ளை அரிசியைவிடப் புரதம் கூட. குழையாமல் அளவாக வேகவைத்தால் இரத்தத்தில் சர்க்கரை சற்று மெதுவாகவே ஏறும். தக்காளிக் குழம்பிலும் கொஞ்சம் சத்து உண்டு. ஆனால் கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு. அரிசிப் புரதம் அளவில் சிறியது, தரத்தில் அதைவிட ஒரு படி மேல். ஆக, இரண்டுமே தனியாக நின்றால் நொண்டிதான். பருப்போ, மீனோ, முட்டையோ, பாலோ துணைக்கு வந்தால்தான் எழுந்து நடக்கும்.

உப்பைக் கவனியுங்கள்

உப்பளம் சூழ்ந்த தூத்துக்குடி மாவட்டத்துக்காரருக்கு உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் டப்பாவுக்குள் இருக்கிற உப்பு கண்ணுக்குத் தெரியாது. உப்புப் போடாமல் வடித்த சோற்றில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். டப்பா மாக்கரோனியிலோ ஒரு டப்பாவுக்கு 2 கிராம் உப்பு இருக்கும். சில தயாரிப்புகளில் அதைவிடவும் கூடும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

டப்பாவின் மேல் 'சோடியம்' என்று அச்சடித்திருப்பார்கள். சோடியம் 400 மில்லிகிராம் என்றால் உப்பு 1 கிராம் என்று கணக்கு வையுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர் இந்த ஒரு வரியைப் படிக்காமல் டப்பாவைத் திறக்கக் கூடாது.

வெள்ளை வெளேர் அரிசியின் கதை

"அப்போ சோறே போதும்" என்று முடிவு கட்டி விடாதீர்கள். நாம் அரிசி வாங்கும்போது மல்லிகைப் பூ மாதிரி வெள்ளையா இருக்கணும் என்று பார்க்கிறோம். ஆலையில் தீட்டத் தீட்ட வெளுப்பு கூடும், சத்து தவிட்டோடு போய்விடும். மாட்டுக்குச் சத்து, மனுஷனுக்குச் சக்கை!

1890களில் ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில் ஐக்மன் என்ற டாக்டர் இருந்தார். தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் இழுத்துக் கொண்டு விழுவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி என்ற நோயும் இதே வகை. கை கால் மரத்து, வீங்கி, கடைசியில் இதயத்தையே தாக்கும் நோய் அது. குறைந்தது தயமின் என்ற பி1 வைட்டமின். இந்த ஆராய்ச்சிக்காக 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

நம் நாட்டிலும் இது நடந்தது. நீலகிரியில் குன்னூர் ஆராய்ச்சிக் கூடத்தில் மெக்காரிசன் என்பவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவில் எலிகள் நலிந்து போயின. அந்தக் கூடமே 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று விளங்குகிறது.

அந்நாளில் சென்னை மாகாணத்தின் வடகோடியில், ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. நம் தமிழ்ப் பக்கம் அது தலைகாட்டவில்லை. காரணம் என்ன? நம் பாட்டிமார் புழுக்கிய நெல்தான்! நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கி விடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பங்கு போகாது. 100 கிராமில் தயமின் அளவைப் பாருங்கள்:

• ஆலையில் தீட்டிய பச்சரிசி: 0.06 மில்லிகிராம்
• ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசி: 0.21 மில்லிகிராம்
• கைக்குத்தல் பச்சரிசி: 0.21 மில்லிகிராம்
• கோதுமைச் சேமியா: 0.19 மில்லிகிராம்

ஆகவே அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கல் அரிசியே மேல். அரிசியை நாலு அஞ்சு தடவை கசக்கிக் கழுவாதீர்கள். இரண்டு தடவை அலசினால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். தண்ணீரை அளந்து ஊற்றி, வடிக்காமல் பொங்கினால் இன்னும் நல்லது.

தட்டில் பக்கத்தில் என்ன இருக்கிறது?

உண்மையான கேள்வி இதுதான். டப்பாவா சோறா என்பதைவிட, அதோடு என்ன சேர்கிறது என்பதே முக்கியம். 100 கிராம் அரிசிச் சோற்றோடு 30 கிராம் பருப்பும், 50 கிராம் மீனும் சேர்ந்தால் புரதம் 20 கிராமுக்கு மேல் போகும். ஒரு டப்பா மாக்கரோனியைப் போல இரண்டரை மடங்கு!

மீனுக்கு நமக்கு என்ன பஞ்சம்? சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும் கரையேறும் சாளை, நெத்திலி, சூடை, காரல் எல்லாம் மலிவு மீன்தான். சீலா வாங்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கிறது. கருவாட்டில் மட்டும் உப்பு அதிகம், அளவோடு இருக்கட்டும்.

கொல்லையில் நிற்கும் முருங்கையை மறக்காதீர்கள். 100 கிராம் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கேழ்வரகிலும் அதே அளவுக்கு உண்டு. நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள்: அரிசி, பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி. அரிசியைத் தனியே விடாமல் துணை சேர்த்துக் காய்ச்சிய நல்ல பாடம் அது. நோன்பு மாதம் போன பிறகும் அந்தப் பாடம் அடுப்பங்கரையில் இருக்கட்டும்.

யாருக்கு அதிகக் கவனம் வேண்டும்?

கர்ப்பிணிக்கு: 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது இரண்டு பெண்களில் ஒருத்திக்கு! வெறும் சோறும் ரசமும், அல்லது வெறும் மாக்கரோனியும் இரத்தத்தைக் கூட்டாது. கீரையும் பருப்பும் மீனும் வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேயிலை குடித்தால் ஒட்டாது, ஒரு மணி நேரம் பொறுங்கள். நாலாம் மாதத்தில் இருந்து செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் விடாமல் விழுங்குங்கள். பிள்ளை பெற்ற பின்னும் 180 நாள் உண்டு.

குழந்தைக்கு: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு குழைந்த சோறு, பருப்பு, மசித்த கீரை, முள் எடுத்த மீன், முட்டை. ஒரு வயதுக்குள் உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே டப்பா மாக்கரோனி கைக்குழந்தைக்கு ஏற்றதே அல்ல.

சர்க்கரை நோயாளிக்கு: வெள்ளைச் சோறு குவித்து உண்பதும் தவறு, டப்பாவை நம்புவதும் தவறு. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய்கறியாலும் மீனாலும் நிரப்புங்கள்.

டப்பா வந்து விட்டால்?

அன்போடு கொண்டு வந்ததைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இவற்றை மட்டும் கடைப்பிடியுங்கள்:

1. காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே சேர்த்த பொருள்களின் பட்டியலையும் பாருங்கள். சில டப்பாக்களில் இறைச்சி கலந்திருக்கும், எந்த இறைச்சி என்று அறிந்து கொள்ளுங்கள்.
2. உப்பிய டப்பா, கசியும் டப்பா, துருப்பிடித்து ஓட்டை விழுந்த டப்பா இவற்றை வாயில் வைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கொடிய நஞ்சு ஊறியிருக்கலாம்.
3. திறந்த பிறகு மிச்சத்தை டப்பாவிலேயே விடாதீர்கள். வேறு பாத்திரத்தில் மூடி, குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் சூடாக்கி உண்ணுங்கள்.
4. தனியாகக் கொடுக்காமல் முட்டை, பட்டாணி, கேரட், மீன் துண்டு எதையாவது சேர்த்துச் சமையுங்கள். மேற்கொண்டு உப்புப் போடாதீர்கள்.

சந்தேகமும் விளக்கமும்

கே: ரேஷன் அரிசியில் வேறு நிறத்தில் சில மணிகள் கிடந்தனவே, அது பிளாஸ்டிக்கா?

ப: இல்லவே இல்லை. 2023இல் தமிழ்நாடு முழுவதும் ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசி கொடுக்கப்பட்டது. அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாக வார்த்து, நூற்றுக்கு ஒன்று என்று கலந்தார்கள். அப்படிப்பட்ட மணியைக் கண்டால் பொறுக்கி எறியாதீர்கள். எறிந்தால் எறிவது உங்கள் இரத்தத்துக்கான சத்தைத்தான். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

கே: சத்து வேணும்னா காசு வேணுமே?

ப: ஒரு வெளிநாட்டு டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டை, எத்தனை பிடி கீரை, எவ்வளவு நெத்திலி வரும் என்று கடைத்தெருவில் ஒரு முறை கணக்குப் பாருங்கள். விடை தானே கிடைக்கும்.

கணவர்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சிய சோற்றை மனைவி உண்பது நம் ஊரில் பழக்கமாகி விட்டது. மீன் துண்டு தீர்ந்து, வெறும் ஆணம் மட்டும் சட்டியில் இருக்கும். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் அப்படி உண்டால் எந்த அரிசியும் எந்த டப்பாவும் அவளைக் காப்பாற்றாது. அவளுடைய பங்கை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்தால் டெலிபோனில் "பிள்ளை சாப்பிட்டுதா?" என்று கேட்பதோடு, "நீ என்ன சாப்பிட்டே?" என்றும் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் மூன்று வருஷ இடைவெளி இருந்தால் இழந்த இரத்தமும் சத்தும் தாயின் உடம்பில் மீண்டும் ஊறும். இதைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியரிடம் கூச்சப்படாமல் இருவருமாகக் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

• டப்பா மாக்கரோனி எப்போதாவது ஒரு நாள் ருசிக்கு. அன்றாட ஊட்டத்துக்கு அல்ல.
• வெள்ளைப் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி மேல்.
• எந்தத் தானியமானாலும் பருப்பு, கீரை, மீன் துணை வேண்டும்.
• டப்பாவில் உப்பைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.
• தாயின் பங்கு முதல் பங்கு.

உணவைத் தெரிந்து உண்போம். தாயும் சேயும் நலமாக வாழ வழி செய்வோம்!