உடல் வலிக்கு வழித்து நீவுதல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது?



நாற்று நடுபவருக்கு இடுப்பு வலி, பீடி சுற்றுபவருக்குக் கழுத்து வலி, தையல் மிஷின் மிதிப்பவருக்குத் தோள்பட்டை வலி. நம்மில் வலி இல்லாதவர் குறைவு. தைலம் தேய்த்து நீவி விடுவது நமக்குப் பழக்கம்தான். சீனாவில் எண்ணெய் தடவிய தோலைக் கருவியால் வழித்து நீவும் முறை உண்டு. அதன் பெயர் 'குவா ஷா'. இன்று பிசியோதெரபியிலும் இதுபோல ஸ்டீல் கருவியால் நீவுகிறார்கள். இதைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

என்ன நடக்கிறது?

'குவா' என்றால் வழித்தல். 'ஷா' என்பது அப்போது தோலில் எழும் சிவப்புத் தடம். எருமைக் கொம்பு, கல், பீங்கான் ஸ்பூன் போன்றவற்றால் வழிப்பார்கள். இந்தோனேசியாவில் நாணயத்தால் வழிப்பதைக் 'கெரோக்கான்' என்பார்கள்.

வழித்த இடத்தில் சிறிது நேரம் இரத்த ஓட்டம் கூடுகிறது. 2011-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், நாள்பட்ட கழுத்து வலி உள்ள 48 பேர் கலந்து கொண்டனர். ஒரு முறை வழித்து நீவியவர்களுக்கு, சூடு ஒத்தடம் மட்டும் பெற்றவர்களை விட ஒரு வாரம் கழித்து வலி குறைவாக இருந்தது. அந்த ஆய்வு ஒரு வாரப் பலனை மட்டும்தான் பார்த்தது.

"கெட்ட இரத்தம் வெளியே வருது" என்பது சரியல்ல. தோலுக்கு அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உடைவதால்தான் தடம் விழுகிறது. சில நாளில் அது மறையும். தடம் விழுந்தாதான் பலன் என்று அழுத்தக் கூடாது.

வீட்டில் செய்வதானால்

1. விளிம்பு மழுங்கிய ஸ்பூன் போதும். விலை கொடுத்துக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒருவர் ஸ்பூனை இன்னொருவருக்குப் பயன்படுத்த வேண்டாம்.
2. தேங்காய் எண்ணெய் தடவி, சதைப் பகுதியில் ஒரே திசையில் மெதுவாக வழிக்கவும். முதுகெலும்பின் மேலும், கழுத்தின் முன்பக்கமும் கூடாது.
3. லேசாகச் சிவந்ததும் நிறுத்தவும். பிறகு கை, தோளை மெதுவாக அசைத்து நீட்டவும்.
4. புண், அரிப்பு, நரம்பு சுருட்டு, வீக்கம் உள்ள இடத்தில் செய்யாதீர்கள். கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

இதை மறக்காதீர்கள்

நாம் "வாய்வு பிடிச்சிருக்கு" என்பது போல இந்தோனேசியாவில் "காற்று புகுந்து விட்டது" என்பார்கள். மாரடைப்பைக் கூட 'காற்று' என்று நினைத்து நாணயத்தால் வழித்துக் கொண்டிருப்பவர்கள் அங்கு உண்டு. நம் வீடுகளிலும் "வாய்வுதான், பூண்டு தின்னா சரியாயிடும்" என்று சொல்கிறோம். நெஞ்சு இறுக்கம், இடது தோள் அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குதல், குமட்டல் வந்தால் நீவிக் கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு நெஞ்சு வலி பெரிதாக இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

இடுப்பு வலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- "வாய்வு" என்று சொல்லித் தள்ளிப் போட்ட வலி நம் குழுவில் யாருக்காவது உண்டா?
- இரவில் ஒரு உறுப்பினருக்கு நெஞ்சு வலி வந்தால், உடன் போவது யார்? அவசரச் செலவுக்குக் குழுவில் பணம் இருக்கிறதா? முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள்.