செங்கல்பட்டு வானில் ஹம்மிங்பேர்ட் பறக்கிறதா?

கோவளம் முதல் கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோர வீடுகளில் இட்லிப்பூவோ செம்பருத்தியோ பூத்திருந்தால், வெயில் ஏறுவதற்குள் ஒரு குட்டிப் பறவை வந்துவிடும். வளைந்த அலகு, நீலமும் ஊதாவுமாக மின்னும் கழுத்து. நொடிப்பொழுது அந்தரத்தில் நின்று பூவுக்குள் மூக்கை நுழைக்கும். அதைக் கைபேசியில் படம்பிடிப்பவர்கள் பலரும் ‘எங்கள் வீட்டுக்கு வந்த ஹம்மிங்பேர்ட்’ என்று குடும்பக் குழுவில் போடுகிறார்கள். வந்தது ஹம்மிங்பேர்ட் இல்லை, தேன்சிட்டு.

ஓசனிச்சிட்டு என்று தமிழில் எழுதப்படும் ஹம்மிங்பேர்டில் 360க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தெற்கு முனை வரை, அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே அவை இயற்கையாக வாழ்கின்றன. எப்போதும் அப்படி இருந்ததில்லை என்பது ஒரு வியப்பு. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுக்கு முந்தைய ஓசனிச்சிட்டின் எலும்புகள் ஜெர்மனியில் கிடைத்தன. ஜெரால்டு மைர் என்ற ஆய்வாளர் 2004இல் அவற்றை விவரித்தார். ஆனால் இன்று ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஒன்றுகூடக் கிடையாது.

‘பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே குடும்பம்’ என்பது அடுத்த நம்பிக்கை. ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய உறவு, நாள் முழுதும் வானில் பறக்கும் உழவாரன். தேன்சிட்டோ காக்கையும் சிட்டுக்குருவியும் சேர்ந்த பெருவரிசையைச் சேர்ந்தது. இரண்டும் பூந்தேனை நம்பிப் பிழைப்பதால் அலகும் நாக்கும் ஒன்றுபோல் அமைந்தன. உறவால் வந்த ஒற்றுமை இல்லை, தொழிலால் வந்தது.

வேறுபாட்டைக் காலில் பார்க்கலாம். ஓசனிச்சிட்டின் கால்கள் மிகச் சிறியவை, நடக்க உதவாதவை. தோள் மூட்டிலேயே இறக்கையைச் சுழற்றி அந்தரத்தில் நின்றபடி குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்தே குடிக்கும், தேவைப்பட்டால் தலைகீழாகவும் தொங்கும். அந்தரத்தில் நிற்பது அதற்குச் சில நொடி வேலைதான்.

ஆண்டீஸ் மலைக்காடுகளைப் பார்த்தால் இடைவெளி இன்னும் தெளிவாகும். அங்குள்ள வாளலகு ஓசனிச்சிட்டின் அலகு ஏறக்குறைய 10 செ.மீ. நீளம், வாலை நீக்கிப் பார்த்தால் உடலைவிட நீண்டது. நீளக்குழல் பூக்களின் அடியில் இருக்கும் தேனை எடுக்க அமைந்தது அது. அந்த உயரத்தில் இரவுக் குளிரைத் தாங்க இப்பறவைகளில் பல உடலை ஒடுக்கிக்கொண்டு மரத்த நிலைக்குப் போகின்றன. பெருவில் ஒரு ஓசனிச்சிட்டின் உடல் வெப்பம் இரவில் 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை ஆய்வாளர்கள் 2020இல் பதிவு செய்தார்கள். விடிந்ததும் அது பறந்து போனது! மாமல்லபுரத்து வெக்கையில் வாழும் சிட்டுக்கு அப்படியொரு இரவு வாய்ப்பதில்லை.

இந்தக் குழப்பத்தில் பறவையே இல்லாத ஓர் உயிரும் மாட்டிக்கொள்கிறது. இட்லிப்பூக் கொத்தின் மேல் ரீங்கரித்தபடி நின்று, நீண்ட குழலை நீட்டித் தேன் உறிஞ்சும் பருந்து அந்துப்பூச்சி அது. பகலில் பறக்கும் இதன் சில வகைகளுக்கு இறக்கை கண்ணாடிபோல் தெரியும். உணர்கொம்பும் ஆறு கால்களும் இருக்கின்றனவா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் இந்தக் கடற்கரையில் இருப்பவை எவை? ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, லோட்டன் தேன்சிட்டு ஆகிய மூன்றும் எளிதில் கண்ணில் படும். மூன்றாவதன் அலகு மற்ற இரண்டைவிட நீளம், வளைவும் அதிகம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் நினைவாக, இயற்கையியலாளர் லின்னேயஸ் 1766இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். லோட்டன் கொழும்பில் ஆண்ட நாளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினக் கோட்டையும் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. வேடந்தாங்கலுக்கு நாரையும் கூழைக்கடாவும் பார்க்கப் போகிறவர்கள், ஏரிக்கரைச் செடிகளிலும் ஒரு கண் வைக்கலாம். மலைக்காட்டுத் தேன்சிட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் சின்னத் தேன்சிட்டு இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அது, ஏறக்குறைய 8 செ.மீ. நீளம்தான்.

கறுப்பும் மஞ்சளும் வேறு வேறு பறவைகள் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. ஊதாத் தேன்சிட்டின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தூரத்திலிருந்து கறுப்பாகவும் வெயில் பட்டால் ஊதாவாகவும் தெரியும். காலம் முடிந்ததும் அதே பறவை பெண்ணைப்போல மஞ்சள் வயிற்றுக்கு மாறும். தொண்டை நடுவே கருங்கோடு மட்டும் மிஞ்சும்.

‘தேன் மட்டும்தான் குடிக்கும்’ என்பதுதான் கேடு செய்யும் நம்பிக்கை. தேன்சிட்டு பூச்சியும் சிலந்தியும் தின்னும். குஞ்சுக்கு ஊட்டுவதும் முக்கியமாக அவற்றையே. ஹம்மிங்பேர்டுக்கான சிவப்புப் புட்டியை இணையத்தில் வாங்கிச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுபவர்கள், பூச்சிமருந்து அடித்த தோட்டத்திலேயே அதைத் தொங்கவிடுவதும் உண்டு. அந்தத் தண்ணீர் நம்மூர் வெயிலில் சீக்கிரம் புளிக்கும், குஞ்சுக்கான புழுவையும் தராது. முருங்கை, கல்யாண முருங்கை, வாழை, வெட்சி எனப் பூக்கிற ஒன்றை நட்டு மருந்தடிக்காமல் விடுவது எவ்வளவோ மேல். மாமரத்துப் புல்லுருவிப் பூவுக்கும் தேன்சிட்டே மகரந்தம் சுமக்கிறது. பறவையியலாளர் சாலிம் அலி 1930களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார்.

ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்தும் சிட்டு தன் அழகை ரசிப்பதாகச் சொல்வார்கள். பாவம், அது சண்டை போடுகிறது. பிம்பத்தைத் தன் எல்லைக்குள் புகுந்த எதிரியாக நினைத்துக் களைக்கும்வரை மோதுகிறது. கண்ணாடிமேல் ஒரு துணிப்பையை மாட்டினால் போதும்.

கூட்டைப் பற்றியும் ஒரு சொல். சிலந்தி நூலால் பட்டை, சருகு, நாரைக் கோத்துப் பெண் சிட்டு கட்டும் பைபோன்ற கூடு, துணிக்கொடியிலும் மின்விளக்குக் கம்பியிலும்கூடத் தொங்கும். மனிதக் கை பட்டால் தாய் குஞ்சை ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. விழுந்த குஞ்சை மெல்ல எடுத்துக் கூட்டுக்குள் வைக்கலாம். ஆனால் கட்டும்போதே அடிக்கடி எட்டிப் பார்த்தால் பறவை கூட்டைக் கைவிடக்கூடும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதம் மட்டும் துணியை வேறு கொடியில் காயப்போடுங்கள், விளக்கை அணைத்து வையுங்கள், கிளையை வெட்டாதீர்கள்.