சோலார் பேனல்: சீரிஸா, பேரலலா? தப்பா முடிவு பண்ணா சப்சிடியை விட அதிகமா இழப்பீங்க!

மாடியில சோலார் போடணும்னு முடிவு பண்ணியாச்சு. பேனல் பிராண்ட், இன்வெர்ட்டர் பிராண்ட், இஎம்ஐ எல்லாத்தையும் விசாரிச்சிருப்பீங்க. ஆனா "பேனலை எப்படி இணைக்கப் போறீங்க?"னு இன்ஸ்டாலர்கிட்ட கேட்டீங்களா? பெரும்பாலானவங்க கேட்கிறதே இல்லை. அது ஏன் உங்க பணத்தைத் தொடுற கேள்வினு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல்ல பணக் கணக்கு

3 கிலோவாட் சிஸ்டம், செலவு 2 லட்சம் ரூபாய்னு வைத்துக்கொள்வோம். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய். உங்க கையிலிருந்து போவது 1,22,000. ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு சராசரியா 4 யூனிட் என்றால், மொத்தம் 12 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் மிச்சம்னு எடுத்துக்கிட்டா வருஷத்துக்கு 26,280 ரூபாய். போட்ட பணம் சுமார் 4 வருஷம் 8 மாசத்தில் திரும்ப வந்துடும்.

இதே சிஸ்டம் நிழலாலயோ தப்பான இணைப்பாலயோ 15 சதவீதம் குறைவா ஓடினா? வருஷத்துக்கு 3,942 ரூபாய் போச்சு. 25 வருஷத்துக்கு சுமார் 98,500 ரூபாய். வாங்கின மானியத்தை விட அதிகம்! இதுல கொடுமை என்னன்னா, பில் ஓரளவு குறையத்தான் செய்யும். அதனால நஷ்டம் நடக்குறதே உங்களுக்குத் தெரியாது.

சீரிஸ், பேரலல்னா என்ன?

ஒரு பேனலின் பிளஸ்ஸை அடுத்த பேனலின் மைனஸோடு சங்கிலி மாதிரி கோர்த்தால் அது சீரிஸ். வோல்டேஜ் கூடும், கரண்ட் அப்படியே இருக்கும். எல்லா பிளஸ்ஸையும் ஒன்றாக, எல்லா மைனஸையும் ஒன்றாக இணைத்தால் பேரலல். கரண்ட் கூடும், வோல்டேஜ் அப்படியே இருக்கும்.

540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 41 வோல்ட், 13 ஆம்பியர் தரும். ஆறு பேனல் போட்டால்:

சீரிஸ்: 246 வோல்ட், 13 ஆம்பியர்
பேரலல்: 41 வோல்ட், 78 ஆம்பியர்

இரண்டிலும் வாட் ஒன்றுதான். அப்புறம் என்ன வித்தியாசம்? கேபிள்! கேபிளில் சூடாகி வீணாகும் மின்சாரம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் 6 மடங்கானால் இழப்பு 36 மடங்கு. மாடியிலிருந்து இன்வெர்ட்டர் வரை 20 மீட்டர், 4 சதுர மி.மீ. காப்பர் கேபிள் என்றால் சீரிஸில் சுமார் 34 வாட் வீணாகும். பேரலலில் அதே கேபிளில் கணக்குப்படி 1,200 வாட்டுக்கு மேல். அதுக்கு முன்னாடி கேபிளே தாங்காது, சூடாகி உருகிடும். அதுக்கேத்த தடிமனான கேபிள் வாங்கினா செலவு எகிறும்.

இன்னொரு காரணமும் இருக்கு. கிரிட்டோடு இணையும் ஸ்ட்ரிங் இன்வெர்ட்டருக்கு வேலை செய்ய ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேணும். 41 வோல்ட் கொடுத்தா பெரும்பாலான மாடல்கள் ஆன் ஆகவே ஆகாது. அதனாலதான் வீட்டு ஆன்-கிரிட் சிஸ்டத்தில் சீரிஸ்தான் வழக்கம்.

அப்போ பேரலல் எங்கே? 12 வோல்ட் பேட்டரி, சாதாரண சார்ஜ் கன்ட்ரோலர் வைத்த சின்ன ஆஃப்-கிரிட் சிஸ்டத்தில் 12 வோல்ட் பேனல்களை பேரலலா இணைப்பாங்க. அங்கே வோல்டேஜ் பேட்டரிக்குப் பொருந்தணும்.

நிழல் விழுந்தா?

வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது பார்த்திருப்பீங்க. ஆட்கள் வரிசையா நின்னு சட்டியைக் கைமாத்துவாங்க. நடுவுல ஒருத்தர் மெதுவானா வரிசை மொத்தமும் மெதுவாகும். அதுதான் சீரிஸ். ஆளாளுக்குத் தனிச் சட்டி தூக்கினா ஒருத்தர் சோர்ந்தாலும் மத்தவங்க வேலை நிக்காது. அது பேரலல்.

ஆனா "ஒரு பேனல்ல நிழல் விழுந்தா மொத்தமும் செத்துடும்"னு சொல்றது முழு உண்மை இல்லை. இப்போ வர்ற பேனல்களில் பைபாஸ் டையோடு இருக்கு. நிழல் விழுந்த பகுதியைத் தாண்டி கரண்ட் போயிடும், அந்தப் பகுதியின் வோல்டேஜ் மட்டும் குறையும். சிக்கல் எப்போ வரும்னா, சங்கிலி சின்னதா இருக்கும்போது. நாலு பேனலில் (164 வோல்ட்) தண்ணி டேங்க் நிழல் ரெண்டு பேனலை மறைச்சா மிச்சம் 82 வோல்ட். இன்வெர்ட்டருக்குக் குறைந்தபட்சம் 90 வேணும்னா? நிழல் இல்லாத ரெண்டு பேனலோட முழு உற்பத்தியும் கிடைக்காது.

கையெழுத்துப் போடும் முன் 5 கேள்விகள்

1. காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை டேங்க், தென்னை, பக்கத்து மாடி நிழல் எந்தப் பேனலில் விழும்?
2. ஒரு ஸ்ட்ரிங்கில் எத்தனை பேனல்? வெயிலில் சூடாகும்போது குறையும் வோல்டேஜும் இன்வெர்ட்டர் வரம்புக்குள் இருக்குமா?
3. லோடு இல்லாதபோது வரும் அதிகபட்ச வோல்டேஜ் இன்வெர்ட்டரின் உச்ச வரம்பைத் தாண்டாதே? குளிரில் வோல்டேஜ் ஏறும். ஊட்டி, கொடைக்கானல் நண்பர்கள் கட்டாயம் கேளுங்க.
4. கிழக்கு, மேற்கு என ரெண்டு பக்கம் பேனல் வருதா? அப்படின்னா இன்வெர்ட்டரில் ரெண்டு எம்பிபிடி இருக்கா?
5. தவிர்க்க முடியாத நிழலுக்கு ஆப்டிமைசரோ மைக்ரோ இன்வெர்ட்டரோ போட்டா கூடுதல் செலவு எவ்வளவு? மேலே சொன்ன நஷ்டக் கணக்கோடு ஒப்பிட்டு முடிவு பண்ணுங்க.

ஒரு எச்சரிக்கை: பின்னாடி வேற வாட் பேனலைச் சேர்க்கும்போது, சீரிஸ் என்றால் கரண்ட் பொருந்தணும், பேரலல் என்றால் வோல்டேஜ் பொருந்தணும். இந்த வேலையை நீங்களே செய்யாதீங்க. 250 வோல்ட் டிசி உயிரைப் பறிக்கும். சிஸ்டம் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினா நெருப்புப் பொறி பறக்கும்.

ஒரு லீவு நாள்ல மாடிக்குப் போங்க. மணிக்கு ஒரு தடவை நிழலை போட்டோ எடுங்க. பைசா செலவில்லாத இந்த வேலை, உங்க 1,22,000 ரூபாயைக் காப்பாத்தும்.