சைக்கிளில் வந்த சலவைத் தூள்

குஜராத் மாநிலத்தில் மேசானா மாவட்டம் இருக்கிறது. அன்று அந்த மாவட்டத்தில் ருப்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. அந்தக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கர்சன்பாய் படேல். அவர் கல்லூரியில் வேதியியல் படித்தார். பட்டம் வாங்கினார். முதலில் அகமதாபாத்தில் ஒரு பஞ்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பிறகு குஜராத் அரசின் கனிமத் துறையில் வேலை கிடைத்தது.

அரசாங்க வேலை என்றால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஆனால் கர்சன்பாய் அதோடு நின்றுவிடவில்லை. 1969ஆம் ஆண்டு வீட்டின் பின்புறம் ஒரு சின்ன இடத்தில் சலவைத் தூள் தயாரித்தார். கையால் கலந்தார். கையால் பொட்டலம் கட்டினார். அலுவலகம் போகும்போது பொட்டலங்களைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார். வழியில் வீடு வீடாக விற்பார்.

அவருடைய மகள் பெயர் நிருபமா. வீட்டில் நிர்மா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரையே தூளுக்கு வைத்தார். அந்த மகள் ஒரு விபத்தில் இறந்துபோனாள். அவள் பெயர் இன்றும் உறையின் மேல் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சலவைத் தூள் வசதி உள்ளவர்கள் வாங்கும் பொருள். மற்றவர்கள் பார் சோப்பைத் தேய்த்துத் துவைத்தார்கள். கர்சன்பாய் ஒரு கிலோவைச் சுமார் 3 ரூபாய்க்கு விற்றார். பெரிய நிறுவனத்தின் தூள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் விலை.

அவரால் மட்டும் எப்படி முடிந்தது? அவரிடம் பெரிய கட்டடம் இல்லை. மேலாளர்கள் இல்லை. கையால் செய்யும் குடிசைத் தொழிலுக்கு வரிச் சலுகையும் இருந்தது. தூளில் வாசனை சேர்க்கவில்லை. வெண்மை கூட்டும் பொருளும் சேர்க்கவில்லை. கை எரிகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அழுக்குப் போனது. விலையும் கையில் இருந்த காசுக்குள் அடங்கியது. யாருக்கு விற்கிறோம், அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முதலில் பார்ப்பதுதான் சந்தைப்படுத்துதல். மார்க்கெட்டிங் என்று சொல்கிறார்களே, அது இதுதான். நன்றாகப் பேசினால் மட்டும் அது வந்துவிடாது.

பட்டம் வாங்கியவர் கதவைத் தட்டிச் சோப்புத் தூள் விற்பதா? இப்படி நினைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பையனைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய் தகப்பனுக்கு இந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கதவைத் தட்டியவருக்கு ஒரு லாபம் உண்டு. எந்த வீட்டில் என்ன குறை சொன்னார்கள், யார் மறுபடி வாங்கினார்கள் என்று அவருக்கு நேரில் தெரியும். அலுவலக அறையில் இருப்பவருக்கு அது தெரியாது.

சுமார் மூன்று ஆண்டு கழித்து அவர் அரசாங்க வேலையை விட்டார். வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விட்டார். இதைக் கவனிக்க வேண்டும்.

கடனும் வசூலும்

வியாபாரம் வளர்ந்தது. கடைகளுக்குச் சரக்கு போனது. ஆனால் பணம் ஒழுங்காக வரவில்லை. கடைக்காரர்கள் கடனுக்கு வாங்கினார்கள். பாக்கி ஏறிக்கொண்டே போனது. விற்பது பாதி வேலைதான். வசூல் செய்வது மீதிப் பாதி. ஊரில் பெட்டிக்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

1980களின் தொடக்கத்தில் அவர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். கடைகளில் இருந்த சரக்கில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதே சமயம் தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தது. வெள்ளைப் பாவாடை அணிந்த சிறுமி சுற்றி ஆடுவாள். பாட்டு எல்லோர் வாயிலும் புகுந்தது. மக்கள் கடைக்குப் போய்க் கேட்டார்கள். கடையில் தூள் இல்லை. கடைக்காரர்கள் நிறுவனத்தைத் தேடி வந்தார்கள். பிறகு சரக்கு போனது. விற்பனை பலமடங்கு ஏறியது.

பெரிய நிறுவனமான இந்துஸ்தான் லீவர் முதலில் இவரைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு விழித்துக்கொண்டது. 1980களின் பிற்பகுதியில் வீல் என்ற விலை குறைந்த தூளைக் கொண்டுவந்தது. போட்டி வந்ததும் விலை பார்த்து வாங்குகிற ஏழைக் குடும்பங்களுக்கு நன்மை கிடைத்தது. கர்சன்பாய் படேலுக்கு 2010இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு

விற்பனை வேலைக்கு இந்தப் படிப்புதான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம். முதலில் விற்பனைப் பிரதிநிதி வேலை கொடுப்பார்கள். வெயிலில் கடை கடையாகப் போக வேண்டும். ஆர்டர் எடுக்க வேண்டும். பாக்கி கேட்க வேண்டும். மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். அதை எட்டாவிட்டால் திட்டு விழும். சில ஆண்டு நின்றவர்கள் ஒரு பகுதிக்கு மேலாளர் ஆகிறார்கள். பலர் முதல் ஆண்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

படிக்கும்போதே பழகலாம். விடுமுறையில் தெரிந்தவர் கடையில் நிற்கலாம். எது வேகமாகப் போகிறது, எது தங்கிவிடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதலாம். வாங்குவதும் விற்பதும் கணக்கில் வர வேண்டும். லாபம் எவ்வளவு சதவீதம் என்று பேப்பரில் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். பொருளில் இல்லாத குணத்தைச் சொல்லி விற்றால் ஒருமுறை விற்கலாம். மறுமுறை அந்தத் தெருவுக்குள் போக முடியாது.

இன்னொன்று. மார்க்கெட்டிங் வேலை என்ற பெயரில் ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். "5,000 ரூபாய் கட்டுங்கள், வேலை தருகிறோம்" என்பார்கள். "இரண்டு பேரைச் சேர்த்துவிடுங்கள், உங்களுக்குப் பணம் வரும்" என்பார்கள். பொருளை விற்று வருவது சம்பாத்தியம். ஆளைச் சேர்த்து வருவது சங்கிலி. கடைசியில் சேர்ந்தவர் பணம் போய்விடும். பெரும்பாலும் அவர் நம் உறவினராகவோ சிநேகிதராகவோ இருப்பார். பணமும் போகும், உறவும் போகும்.

பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்ய 1978இலேயே சட்டம் வந்தது. 2021இல் நேரடி விற்பனைக்கு விதிகள் வந்தன. இந்த விதிகளும் சங்கிலித் திட்டத்தைத் தடை செய்கின்றன. ஆகவே பிள்ளை வேலைக்குச் சேரும் முன் தாளைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் எவ்வளவு, யார் தருகிறார்கள், எந்த ஊர் முகவரி என்று நீங்களே படித்துப் பாருங்கள். புரியாத இடத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். போனிலோ இணையத்திலோ பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே 1930க்குப் பேச வேண்டும். இரண்டு எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.