பாறையில் எந்த உயரம்?

அன்புள்ள கயல்,

ஒரே இரையை நம்பி வாழும் இரண்டு இனங்களில் ஒன்று ஒழிந்துதானே ஆக வேண்டும், அப்படியானால் உலகில் இத்தனை இனங்கள் எப்படி மிஞ்சின என்று கேட்டிருந்தாய். பரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியைப் பற்றிய பாடம் செய்த வேலை இது. ஒரு பரமீசிய இனம் இன்னொன்றை அழித்ததாக உயிரியலாளர் காஸ் 1934-இல் எழுதியதைப் பாடநூல்கள் விடாமல் அச்சிடுகின்றன. அதே காஸ் பிறகு வேறொரு ஜோடியைச் சேர்த்து வளர்த்தார். ஒன்று மிதக்கும் பாக்டீரியாவையும் மற்றது அடியில் படிந்த ஈஸ்ட்டையும் தின்று இரண்டுமே பிழைத்தன. இந்தப் பாதியை விழுங்கிவிட்டு ‘வலியது வெல்லும்’ என்று பிள்ளைகளை எழுதவைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

சோதனைக் குழாயை விட்டு ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவுக்கு வா. அங்கே பாறைகளில் இரண்டு வகைக் கொட்டலசுகள் ஒட்டியிருக்கும். மேல்வரிசையில் கதாமலஸ், கீழே பலானஸ். (பலானஸுக்கு இப்போது பெயரை மாற்றிவிட்டார்கள். நான் மாற்றுவதாக இல்லை.) கதாமலஸின் இளவுயிரிகள் கீழேயும் வந்து ஒட்டத்தான் செய்கின்றன, ஆனால் வளர்ந்தவற்றைக் காணோம். தண்ணீரில் அதிகநேரம் முழுகிக் கிடப்பது ஒத்துக்கொள்ளவில்லையா, அல்லது பக்கத்து வீட்டுக்காரன் விடவில்லையா? ஜோசப் கானெல் பாறைமேல் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு கொட்டலசின் இடத்தையும் குறித்துக்கொண்டார். சில இடங்களில் பலானஸை மட்டும் சுரண்டி எடுத்தார். அங்கெல்லாம் கதாமலஸ் சுகமாக வளர்ந்தது. எடுக்காத இடங்களில் பலானஸ் அதன்மேல் ஏறி மூடியது, அடியில் புகுந்து பெயர்த்தது, பக்கவாட்டில் நெருக்கி நசுக்கியது. சண்டை இரைக்காக அல்ல, ஒட்டிக்கொள்ளும் இடத்துக்காக. இந்த அடாவடிக்காரனால் மேலே போக முடியாது, வெயிலில் உலர்ந்து செத்துவிடும். ஆகவே இரண்டில் எது வலியது என்று கேட்பவனிடம், பாறையில் எந்த உயரத்தில் என்று நீ திருப்பிக் கேட்க வேண்டும். இதைப் பற்றி கானெல் எழுதி 1961-இல் வந்த கட்டுரையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பட்டம் வாங்கியவர்களில் அதை முழுசாகப் படித்தவர்களைக் காண்பதுதான் அரிது.

என் கட்சி இன்னும் ஒருபடி மேலே. ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்பவர்களைச் சேர்ந்து வாழவைப்பது பல சமயம் மூன்றாவது ஆள். வாஷிங்டன் மாநிலக் கரையில் ராபர்ட் பெயின் நட்சத்திர மீன்களைப் பிய்த்தெடுத்துக் கடலில் வீசிக்கொண்டே இருந்தார். அவற்றுக்கு இரையாகிவந்த சிப்பிகள் பாறையை வளைத்துப்போட, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆகக் குறைந்தன. அவர் இதை 1966-இல் எழுதினார்.

உடனே, எல்லாவற்றையும் கொன்றுதின்னிகள் சரிசெய்துவிடும் என்று எழுதிவிடாதே. அந்தத் தின்னி யாரைத் தின்கிறது என்று பார். ஜேன் லூப்சென்கோ நியூ இங்கிலாந்தில் ஒரே நத்தையை இரண்டு இடங்களில் கவனித்தார். பாறைக்குழி நீரில், மற்றவற்றை அமுக்கும் பாசியே அதற்குப் பிடித்த தீனி. அளவாக நத்தை இருந்த குழிகளில் பாசியினங்கள் பெருகின. வெளிப்பாறையில் அதே பாசி நோஞ்சான், அங்கே நத்தை கூடக்கூட இனங்கள் குறைந்தன. 1978-இல் வந்த கட்டுரை அது. தேடிப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வா.

அன்புடன்,
உன் பெரியப்பா